வளைவு ரோட்டில் சேர்ந்து ஒரு நாள்: தர்மபுரி பகல் ரைடுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் பகல் ரைடு ஞாயிற்றுக்கிழமை காலை தர்மபுரியில் கிளம்பி, இருட்டுவதற்குள் தர்மபுரிக்கே திரும்பும். பெயர் கொடுக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில கேள்விக்கு ஒரு வரி போதும். வரிசை, வளைவு, யானை ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் நீளமாக இருக்கும். அந்த மூன்றையும் படிக்காமல் வர வேண்டாம்.

ரூட் என்ன? மொத்தம் எவ்வளவு தூரம்?

தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம், மறுபடி தர்மபுரி. ஒரு முழுச் சுற்று, ஏறக்குறைய 180 கி.மீ. வரும்.

ராயக்கோட்டை வரை அதியமான்கோட்டை – ஓசூர் நெடுஞ்சாலை. அகலமான ரோடு, சொல்ல ஒன்றுமில்லை. வண்டி சூடாகவும் தூக்கம் கலையவும் உதவும். கெலமங்கலம் பக்கம் திரும்பியதும்தான் நாம் தேடி வந்த ரோடு தொடங்குகிறது: இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், கேழ்வரகு வயல், புளியமரம், ஊருக்கு ஊர் வேகத்தடை. தேன்கனிக்கோட்டை தாண்டினால் காடு. அந்த மேட்டு நிலத்திலிருந்து அஞ்செட்டி வழியாகக் காவிரிப் பள்ளத்தாக்குக்கு இறங்கிக்கொண்டே போவோம். கடைசியில் ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரத்துக்கு மலை ரோட்டில் ஏற்றம்.

ஏன் முதலில் ஒகேனக்கல் போய்விட்டு அப்புறம் அஞ்செட்டி வழியாக வரக்கூடாது? ஒகேனக்கல் 46 கி.மீ.தானே?

போகலாம். ஆனால் அப்படிப் போனால் அஞ்செட்டிக் காட்டு ரோடு சாயங்காலத்தில் மாட்டும். யானை ரோட்டுக்கு வருகிற நேரம் அது. நாம் போகிற திசையில் போனால் காட்டுப் பகுதியை உச்சிவெயிலில் கடந்துவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குக் கிழக்கே திரும்பும்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண் கூசாது. எதிரே வருகிறவருக்குத்தான் கூசும். அவருக்கு நாம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதை அந்த ஒரு மணி நேரமும் மனதில் வையுங்கள். 2017க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியும். பழைய வண்டிக்காரர்கள் கையால் போட்டுவிட வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவோம்?

காலை 6 மணிக்குக் கூடுவோம். 6.30க்கு லீட் வண்டி, அதாவது எல்லோருக்கும் முன்னால் வழிகாட்டிப் போகிற வண்டி நகரும், யாருக்காகவும் நிற்காது. ராயக்கோட்டையில் டிபன், தேன்கனிக்கோட்டையில் டீயும் பெட்ரோலும், ஒரு மணிவாக்கில் ஒகேனக்கல். அங்கிருந்து மூன்றரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக்குத் தர்மபுரி.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. தேன்கனிக்கோட்டையில் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். "இன்னும் பாதி டேங்க் இருக்கு" என்று சொல்கிறவர்களும் சேர்த்துத்தான். காட்டுக்குள் ஒரு வண்டி நின்றால் மொத்தக் கூட்டமும் நிற்கும்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று பலர் சொல்வார்கள். குளிர் இருக்கும், வெயில் உறைக்காது, உண்மைதான். ஆனால் கேழ்வரகு அறுவடையும் அப்போதுதான், யானைக் கூட்டம் கர்நாடகப் பக்கத்திலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வருவதும் அப்போதுதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கிருஷ்ணகிரி மாவட்ட கிராமங்களில் எருது விடும் விழாவும் நடக்கும். விழா நடக்கிற ஊரில் ரோட்டை அடைத்திருப்பார்கள், ஜனமும் மாடும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. அப்படி ஒரு ஊர் வழியில் இருந்தால் அந்த வார ரைடைத் தள்ளி வைப்போம்.

ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் இந்தச் சுற்றுக்குப் போவதில்லை. ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஒகேனக்கல் இறங்கினால் மயக்கம்தான் வரும். ஜூலை, ஆகஸ்டில் ரோடு நன்றாக இருக்கும், ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் இறங்கவே விட மாட்டார்கள்.

என்னிடம் 100 சிசி வண்டிதான் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக. இந்த ரோட்டில் 60க்கு மேல் போக இடம் கிடைப்பதே அரிது. பெரிய வண்டிக்காரர்கள் கெலமங்கலம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உங்கள் பின்னால்தான் வர வேண்டும். ஸ்கூட்டரும் வரலாம். மொபெட்டில் வருகிறேன் என்றாலும் மறுப்பு இல்லை. டிவிஎஸ் 50 பிறந்தது ஓசூரில், அதை இந்த ரோட்டுக்கு வராதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஸ்கூட்டர்காரர்கள் இறக்கத்தில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். கியர் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது கியரில் வைத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்துவிட்டால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் வண்டி தன்போக்கில் உருளும். முழு பாரமும் பிரேக்கில் விழும். டிரம் பிரேக் என்றால் தொடர்ந்து பிடிக்கப் பிடிக்கச் சூடேறி, பிடி குறைந்துகொண்டே போகும். அதனால் பிரேக்கை அழுத்தியபடியே இறங்காமல், நன்றாக ஒருமுறை பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் கிளட்ச் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்?

ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று நாட்டுக்கே மின்வண்டி செய்து அனுப்புகிற மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனாலும் இந்தச் சுற்றுக்கு மின்வண்டி வேண்டாம் என்றுதான் சொல்வோம். 180 கி.மீ., நடுவில் காடு, கடைசியில் ஏற்றம். சார்ஜ் போடுகிற நேரத்துக்கு மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும். வத்தல்மலை ரைடுக்கு வாருங்கள். தர்மபுரியிலிருந்து அரை நாளில் போய் வரலாம். இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவு, மேலே காபித் தோட்டமும் மிளகுக் கொடியும். ஏறும்போது பேட்டரி குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

வண்டியில் முன்கூட்டியே என்ன பார்க்க வேண்டும்?

டயர் காற்று, பிரேக், செயின், விளக்கு. காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். பின்சீட்டில் ஆள் இருந்தால் பின் டயருக்குக் கம்பெனி சொல்லும் அளவு வேறு, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரில் கோடு தேய்ந்திருந்தால் அந்த வண்டியோடு வர வேண்டாம். "இந்த ஒரு ரைடு மட்டும் ஓட்டிட்டு மாத்திடறேன்" என்று சொல்பவரைக் கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். வருத்தப்பட வேண்டாம்.

சர்வீசை முந்தின நாள் விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே விட்டு, நாலு நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சரியாக முடுக்காத நட்டும், தப்பாக மாட்டிய கேபிளும் அந்த நாலு நாளில் தெரிந்துவிடும்.

வரிசை எப்படி? என் நண்பனோடு சேர்ந்து போகலாமா?

ஒரு பேட்சில் ஏழெட்டு வண்டிக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் ஆள் வந்தால் இரண்டு பேட்ச், பத்து நிமிட இடைவெளியில். நீளமான வரிசையை பஸ்காரரால் முந்த முடியாது. முந்த முயன்றால் நடுவில் நுழைவார், அங்கே யாராவது ஒருவர் புளியமரத்துப் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கும்.

அகலமான நேர் ரோட்டில் ஜிக்ஜாக்: முதல் வண்டி நம் பாதையின் வலது பக்கம், அடுத்தது இடது பக்கம், மூன்றாவது மறுபடி வலது. முன்னால் நேரே இருக்கும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும். அவர் ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் ரொம்ப நெருக்கம். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது 33 மீட்டர். கண்ணுக்கு அது வீண் இடமாகத்தான் தெரியும்.

வளைவு தொடங்கியதும் ஜிக்ஜாக்கை விட்டுவிட வேண்டும். ஒருவர் பின் ஒருவர், இடைவெளி இன்னும் அதிகம். அவரவர் பாதையின் முழு அகலமும் அவரவருக்கு வேண்டும். நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டுவது இந்த ரைடில் கிடையாது. பேச்செல்லாம் டீக்கடையில்.

நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். பின்தங்கிவிட்டால் வழி தப்பிவிடுவேனே?

மாட்டீர்கள். எங்கள் ஏற்பாட்டிலேயே எங்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

முன்னால் லீட், கடைசியில் ஸ்வீப். லீடுக்கு ரூட் தெரியும். ஸ்வீப் பளிச்சென்ற பச்சை ஜாக்கெட் போட்டிருப்பார், யாரையும் முந்த மாட்டார். ரோடு பிரிகிற இடம் வந்ததும் லீட் கையைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருகிற வண்டி அந்த முக்கில் ஓரமாக நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டு, பச்சை ஜாக்கெட் கண்ணில் படும் வரை அங்கேயே இருக்க வேண்டும். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். இப்போது லீடுக்கு அடுத்து வேறொருவர் இருப்பார், அடுத்த முக்கில் அவர் நிற்பார். இப்படியே சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் ஒரு முக்கு கிடைக்கும்.

இதனால் என்ன ஆகிறது? முன்னால் போகிறவர் கண்ணை விட்டு மறைந்தாலும் கவலை இல்லை. நேர் ரோடு என்றால் நேரே போங்கள், திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நிற்பார். ஆள் இல்லையென்றால் திரும்ப வேண்டாம். கூட்டமாகப் போகும்போது நடக்கிற விபத்துகள் பலவற்றுக்குக் காரணம் வேகமாக ஓட்டத் தெரிந்தவர் அல்ல. விட்டுப்போய்விடுவார்களோ என்று தனக்கு மீறிய வேகத்தில் துரத்துகிற நாலாவது, ஐந்தாவது வண்டிக்காரர்தான். அந்தத் துரத்தலை வேரோடு எடுத்துவிட்டால் மீதியை ரோடு பார்த்துக்கொள்ளும்.

ஒரே நிபந்தனை: முக்கில் நிற்கிறவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. டீ குடிக்க, போட்டோ எடுக்க, வேறு எதற்கும். ராயக்கோட்டையில் கெலமங்கலம் திருப்பமும், அஞ்செட்டியில் ஒகேனக்கல் ரோடு பிரிகிற இடமும் முக்கியம்.

வளைவில் எப்படி ஓட்ட வேண்டும்? எனக்கு அதுதான் பயம்.

பயம் இருப்பது நல்லது. சொல்வது கொஞ்சம்தான்.

வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். வண்டி நேராக நிற்கும்போதே பிரேக், கியர் எல்லாம் முடித்துவிட்டு, வளைவுக்குள் ஒரே சீராக லேசான ஆக்சிலேட்டரில் போக வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பில் பெரும்பங்கு திரும்புவதற்கே செலவாகிறது. அந்த நேரத்தில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் பிடிப்பதற்கு மிச்சம் இருக்காது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். சாதாரண வண்டிகளில் இருக்கும் ஏபிஎஸ் நேராகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும், சாய்ந்திருக்கும்போது அதற்கு வேலை கடினம்.

எவ்வளவு வேகம் சரி? கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முட்புதர் மறைக்கிற வளைவில் பத்து மீட்டர்தான் தெரிகிறது என்றால், வளைவுக்கு அப்பால் ஒரு மாடு படுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே திரும்புங்கள். பல நேரம் நிஜமாகவே படுத்திருக்கும்.

பார்வை முக்கியம். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், தலையைத் திருப்பி.

இடது வளைவில் வேகம் கூடினால் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளும். வலது வளைவில் ஆபத்து வேறு மாதிரி. டயர் நம் பக்கம்தான் இருக்கும், ஆனால் சாய்ந்த உடம்பும் தலையும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலது வளைவில் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி ஓட்டுங்கள். ஆனால் ரோட்டின் ஓரத்துக்கே போய்விடவும் கூடாது, அங்கேதான் ஜல்லியும் மண்ணும் சேர்ந்திருக்கும்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால்?

நில்லுங்கள். முழு ரோடும் பஸ்ஸுக்கு வேண்டும், அவருக்கு வேறு வழி கிடையாது. வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடியுங்கள், பதில் ஹார்ன் கேட்டால் ஓரமாக நின்று விடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. இறங்குகிறவர் வழிவிட வேண்டும். ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்பது பின்சீட்டில் ஆளை வைத்து ஏறியவருக்குத் தெரியும்.

ரோட்டிலேயே கேழ்வரகு, கொள்ளு காயப்போட்டிருப்பார்களாமே?

ஆமாம், நம் இரண்டு மாவட்டத்துக்குமே உரிய விஷயம் இது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் திணறுகிறார்கள்.

இரண்டு வகை உண்டு. தாளோடு பரப்பியிருந்தால் அது வண்டி ஏறட்டும் என்றே போட்டது. டயர் மிதித்து மணி உதிர வேண்டும், களம் இல்லாத ஊரில் ரோடுதான் களம். வெறும் மணியைக் காயவைத்திருந்தால் அதில் ஏறக் கூடாது, அது ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு. அந்தக் குவியலைச் சுற்றி ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பகலில் கல் தெரியும், சாயங்காலம் தெரியாது. நாங்கள் ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம்.

தாள் மேல் போக வேண்டியிருந்தால் முன்னாலேயே வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். ஏறிய பிறகு முன் பிரேக் கிடையாது, ஹேண்டிலைத் திருப்புவது கிடையாது. வண்டியை நேராக வைத்து, சீராக உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். கொள்ளுத்தாள் வழுக்கும், அடியில் உதிர்ந்த மணி உருளும். கடந்ததும் ஓரமாக நிறுத்தி, செயினிலும் சைலன்சர் பக்கமும் தாள் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த தாள் சூடான சைலன்சரில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாக்களிடம் ஹார்ன் அடித்து அதிகாரம் செய்கிற ஆள் அடுத்த ரைடில் இருக்க மாட்டார். "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றால் விட்டுவிடுவார்கள்.

யானை உண்மையிலேயே வருமா?

வரும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகள் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். 2014இல் அறிவித்தது. காவிரிக்கு அந்தப் பக்கமும் காடுதான், யானைக்கு மாநில எல்லை கிடையாது. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊடேதுர்க்கம் காட்டிலும் கூட்டம் தங்குவதுண்டு. பென்னாகரம் – ஒகேனக்கல் ரோட்டிலும் கடக்கும்.

பகல் வெயிலில் பெரும்பாலும் நிழலில் நின்றுவிடும். ஆனாலும் புதிதாக விழுந்த சாணம், ஒடித்துப்போட்ட மூங்கில் ரோட்டில் தெரிந்தால் லீட் வேகத்தைக் குறைப்பார். நீங்களும் குறையுங்கள். ரோட்டில் யானை நின்றால், தூரத்திலேயே நிறுத்துங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம். முறுக்கிச் சத்தம் எழுப்பவும் வேண்டாம். ஹார்ன் வேண்டவே வேண்டாம். முன்னால் இருக்கிறவர் திரும்ப இடம் வேண்டும், ஆகவே பின்னால் வருகிறவர்கள் கூட்டமாக வந்து அடைத்துக்கொள்ளாமல் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். இரண்டு நொடி இடைவெளி எல்லாம் இங்கே போதாது. குட்டி இருந்தால் இன்னும் தூரம். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே நகராதீர்கள், கூட்டத்தில் மீதி பின்னால் வரும்.

செல்ஃபி எடுக்க வண்டியை விட்டு இறங்குகிறவரோடு எங்களுக்கு இனி உறவு கிடையாது. காட்டுக்குள் நிறுத்தி இறங்குவது, உள்ளே நடப்பது, சாப்பிட்ட பொட்டலத்தைப் போடுவது எல்லாம் வனத்துறை விதிப்படியும் தப்பு. குரங்குக்கு பிஸ்கட் போடுவதும்தான். போட்டால் அது ரோட்டுக்கே வந்து உட்காரும், அடுத்த வளைவில் நமக்கே குறுக்கே ஓடும்.

ஒகேனக்கல்லில் குளிக்கலாமா, பரிசலில் போகலாமா?

அன்றைக்கு அனுமதி இருந்தால். கர்நாடகத்தில் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் தண்ணீர் திறந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீரின் அளவு ஏறும். ஏறியதும் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடும். காலையில் செய்தி பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். பரிசலில் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும்.

எண்ணெய் மசாஜ் செய்துகொள்ள நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். உடம்பு தளர்ந்து கண் சொருகும், அதற்கப்புறம் மலை ஏற வேண்டும். கை கால் வழுக்கினால் கிரிப்பும் வழுக்கும். நன்றாகக் குளித்துத் துடைத்துக்கொண்டு வந்தால் சரி.

சாப்பாடு?

ஒகேனக்கல் வந்து மீன் சாப்பிடாமல் யாரும் போவதில்லை. ஆற்றங்கரையில் வறுத்தும் குழம்பாகவும் கிடைக்கும். நாங்கள் பார்த்தவரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணி நேரத்தில்தான் தடுமாற்றம் அதிகம். அரை வயிறு சாப்பிட்டு அரை மணி நேரம் நிழலில் படுங்கள். களியும் கீரைக் கடைசலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைச் சுற்றித்தான் கூட்டம் சேரும்.

பீர், பிராந்தி கிடையாது. "ஒண்ணே ஒண்ணு" என்பதும் கிடையாது. குடித்தவர் பஸ்ஸில் ஊர் திரும்புவார், வண்டியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வழியில் பார்க்க ஏதாவது?

ராயக்கோட்டை மலைக்கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். 1791இல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. ரைடிங் ஷூவோடு ஏறினால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும், கீழிருந்து பார்த்தால் போதும். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது, 1925இல் அவர் இறந்தது அந்த ஊரில்தான். அது இந்தச் சுற்றில் வராது. பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று அரை நாள் ரைடு போடும்போது அங்கே நிற்போம்.

மனைவியை / அக்காவைப் பின்சீட்டில் கூட்டி வரலாமா?

வரலாம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஒருக்களித்து உட்கார்ந்தால் வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய முடியாது. துப்பட்டா, சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கும், அதனால் அன்றைக்குச் சுடிதாரை விட பேண்ட் நல்லது. பின்சீட்டுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட், பட்டையை மாட்டி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவர் சாயும் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி திரும்பாது.

பெண்கள் தனியாக ஓட்டி வரலாமா? பாத்ரூம் வசதி எப்படி?

வருகிறார்கள். லீடாகவும் போகிறார்கள். பாத்ரூம் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நெடுஞ்சாலை பங்க், தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல், இந்த மூன்று இடத்தில் மட்டும்தான் நம்பலாம். காட்டுப் பகுதிக்கு முன்னால் தேன்கனிக்கோட்டையில் கட்டாயம் நிறுத்துவது அதற்கும் சேர்த்துத்தான். யாருக்கு நடுவில் நிற்க வேண்டுமென்றாலும் ஸ்வீப்பிடம் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்.

என் தம்பிக்கு 16 வயது. நன்றாக ஓட்டுவான் அண்ணா, கூட்டி வரட்டுமா?

பின்சீட்டில் கூட்டி வாருங்கள். 16 வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி மட்டும். 18 ஆகாதவர் மற்ற வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வீட்டுப் பெரியவருக்கும் வண்டி உரிமையாளருக்கும் போகும். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர்களும் லைசென்ஸ் வாங்கிவிட்டு வாருங்கள்.

என்னென்ன பேப்பர் வேண்டும்?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும், ஆனால் காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் தேதியை வீட்டிலேயே பாருங்கள். ஐந்து வருஷம் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்து வாங்கிய வண்டிகளில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி ஒரே வருஷத்தில் முடிந்திருக்கும், பலருக்கு அது தெரிவதில்லை.

ஒரு தாளில் உங்கள் ரத்த வகை, வீட்டு நம்பர், சாப்பிடுகிற மாத்திரை எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் எழுதி வைத்தால் பூட்டிய போனை யாரும் திறக்க முடியாது.

யாராவது விழுந்துவிட்டால்?

முதலில் இரண்டு பேர் முன்னும் பின்னும் நூறு அடி தள்ளிப் போய் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். விழுந்தவரை வளைவுக்கு அப்பாலிருந்து வருகிற லாரி பார்க்காது. அப்புறம் 108. மூச்சு விடுகிறாரா, ரத்தம் வழிகிறதா என்று பாருங்கள். ரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சுக்குத் தடையாக இருந்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, கழுத்து எலும்பில் அடி இருக்கலாம். கை காலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது இரண்டையும் செய்யாதீர்கள். மற்ற எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலும் பென்னாகரத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய காயத்துக்குத் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும். 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. கையில் காசு இல்லை என்று எங்கேயும் தாமதிக்க வேண்டாம். உதவி செய்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்பதும் 2019 திருத்தத்திற்குப் பிறகு சட்டம்.

ஓவர்டேக், வீலிங், ரீல்ஸ்?

முன்னால் போகும் நம் வண்டியை முந்த வேண்டாம். முந்தியே ஆக வேண்டும் என்று தோன்றினால் அடுத்த டீக்கடையில் லீடிடம் சொல்லி முன்னால் மாறிக்கொள்ளுங்கள். லாரியை முந்துவது அவரவர் முடிவு. முன்னால் போனவர் முந்திவிட்டார் என்பது உங்களுக்கு ரோடு காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டலாம், கையில் போன் பிடிக்கக் கூடாது. வெடிச் சத்தம் போடும் சைலன்சரோடு வருகிறவர் காட்டுக்குள் வர முடியாது. ஊருக்குள்ளும் நமக்கு அது மரியாதை இல்லை.

தொப்பூர், ஏற்காடு ஏன் போவதில்லை?

தொப்பூர் கணவாய் நெடுஞ்சாலை 44இல் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் இறக்கத்தில் வருகிற ரோடு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், முன்னால் நிற்பவற்றின் மேல் ஏறிய விபத்துகள் அங்கே நடந்துகொண்டே இருக்கின்றன. அது பைக்காரர்கள் கூட்டமாகப் போய் ரசிக்கிற வளைவு அல்ல. ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் கூட்டம் தாங்காது. அதே நேரத்தில் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போனால் ரோடு முழுக்க நமக்கே. தீர்த்தமலை பக்கமும் அப்படித்தான்.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

எங்களுக்கு எதுவும் வேண்டாம். பெட்ரோல், சாப்பாடு, பரிசல் எல்லாம் அவரவர் செலவு.

மழை வந்தால்?

தூறல் என்றால் ரைடு உண்டு, வேகம் பாதி. மழையின் முதல் பத்து நிமிடம்தான் வழுக்கும். ரோட்டில் படிந்த எண்ணெயும் மண்ணும் கிளம்பி வரும், அந்தப் பத்து நிமிடம் டீக்கடையில் நிற்போம். செப்டம்பர், அக்டோபரில் மதியத்துக்கு மேல் இடியோடு வரும் மழை வேறு ரகம். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். சனிக்கிழமை இரவு கனமழை எச்சரிக்கை இருந்தால், அல்லது அஞ்செட்டிப் பக்கம் யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது என்று வனத்துறை சொன்னால், அன்றிரவு ஒன்பது மணிக்குள் எல்லோருக்கும் செய்தி வரும். செய்தி வரவில்லையென்றால் ரைடு உண்டு, காலை ஆறு மணிக்கு டேங்க் நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.